அலகில் எவ்வளவு மஞ்சள்?

இடது கையில் தூசித்துணி, வலது கையில் அந்தப் புத்தகம். செப்டெம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. சிசிலியில், பலேர்மோ நகரத்தின் லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டின் கடைசி அறையில், வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவருடைய அலுமாரியைத் துடைக்க வந்தவள், துடைக்காமல் பறவைப் புத்தகம் ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்த பக்கத்தில் மூன்று அன்னங்கள் இருந்தன.

மூன்று! இருபத்திரண்டு வயதாகும்வரை உலகத்தில் ஒரே ஒரு அன்னம்தான் உண்டென்று நினைத்திருக்கிறேன். வெள்ளையாக இருக்கும், கழுத்து வளைந்திருக்கும், முடிந்தது. இத்தனைக்கும் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லுவேன். அப்படிப்பட்டவளிடம் இந்த விஷயத்தை எல்லோருமாகச் சேர்ந்து மறைத்துவிட்டார்கள் என்று கோபமே வந்தது.

வித்தியாசம் முழுக்க அலகில்தான். முதலாவதற்கு அலகு செம்மஞ்சள். அடியில் கறுப்பாக ஒரு குமிழ். அதற்கு அந்த இடத்திலேயே 'குமிழ்மூக்கன்' என்று பெயர் வைத்தேன். மற்ற இரண்டுக்கும் குமிழ் கிடையாது. அலகின் நுனி கறுப்பு, அடி மஞ்சள். மஞ்சள் கொஞ்சமாக, உருண்டையாக நின்றுவிட்டால் அது சின்ன இனம், 'சிறுமஞ்சள்'. மூக்குத் துவாரத்தையும் தாண்டி ஆப்பு மாதிரிக் கூராக முன்னுக்குப் போனால் அது பெரியது, 'பெருமஞ்சள்'. இத்தாலியர்கள் காட்டு அன்னம் என்பது இந்தப் பெருமஞ்சளைத்தான். இலையுதிர்காலத்தில் வடக்கேயுள்ள பனி நாடுகளிலிருந்து புறப்பட்டுத் தெற்கே வருமாம். எவ்வளவு தெற்கே? பக்கத்தில் சின்னதாக ஒரு வரைபடம் இருந்தது. அவை குளிருக்குத் தங்கும் இடமெல்லாம் நீலம். நீலம் ஐரோப்பாவின் வட பாதியோடு நின்றுபோயிருந்தது. சிசிலி வெறும் வெள்ளை.

அந்த வெள்ளையைக் கண்டபோதுதான் எண்ணம் வந்தது. வராது என்று அச்சடித்து வைத்திருக்கும் இடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினால் என்ன?

சிஞ்ஞோரா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். கணவர் பெரிய வேட்டைக்காரர். அவர் சுட்டுக்கொண்டு வந்ததையெல்லாம் இவர்தான் சமைத்திருக்கிறார். அதனால் இவருக்கும் எல்லாப் பறவையும் தெரியும், வேறொரு விதமாக.

"இது ஒலிவ் காயோடு நல்லது," என்றார் ஒரு காட்டுத் தாராவைத் தொட்டு. "இதை வைனில் ஊற வைக்க வேண்டும். இதில் சேற்று நாற்றம், எதைப் போட்டாலும் போகாது. இது ஒரு வாய்க்குக்கூடக் காணாது."

"இது?" என்று அன்னங்களைக் காட்டினேன்.

சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். "இது சமைத்ததில்லை. இந்தப் பக்கம் அது வராது. வந்திருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார்."

பிறகு, விருப்பமென்றால் கொண்டுபோ என்று புத்தகத்தையே தந்துவிட்டார். கூடவே, ஓபெரா பார்க்கப் போன காலத்தில் வைத்திருந்த, முத்துச்சிப்பி பதித்த சின்னத் தொலைநோக்கி ஒன்றையும் தந்தார். அதால் பார்த்தால் மேடையில் பாடுகிறவளின் தோடு தெரியுமாம். தோடு தெரிந்தால் அலகு தெரியாதா?

நானும் அண்ணாவும் போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே இரண்டு அறையில் இருக்கிறோம். அன்றைக்கு வேலையால் வந்து புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தவளை அண்ணா சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"உனக்கு விசரே? கொக்கு, வாத்து, தாரா எல்லாம் ஒண்டுதான். தூரத்திலை நிண்டாப் பார். கிட்ட வந்தாக் கறி வை."

"அண்ணா, இது அன்னம்."

"அன்னமோ? அன்னம் கதையிலை வாறது. இஞ்சை உள்ளது புறா."

ஏன் இந்த விசர் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. இங்கே சொல்லுகிறேன். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம். இத்தாலியில் என் பெயர் எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிப் பத்திரம். அதில் என் பெயரோடு சேர்த்து 'வீட்டு வேலை' என்று இருக்கிறது. பொய்யில்லை; நான் சட்டைக் கொலரை இஸ்திரி போட்டு மினுக்கும் அழகைப் பற்றி சிஞ்ஞோரா தன் சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஆனாலும் என் பெயருக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது ஒன்று, எங்காவது ஒரு தாளில், அச்சில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அது ஒரு பறவையாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்படி ஒரு தாள் உண்மையிலேயே இருந்தது. புத்தகத்தின் நடுவில் பழைய துண்டுப் பிரசுரம் ஒன்று செருகிக் கிடந்தது. பலேர்மோவில் பறவை பார்ப்போர் சங்கம் ஒன்று. வருடக் கடைசியில் அந்த வருடம் கண்ட பறவைகளின் பட்டியலை அச்சிடுவார்கள்: பறவை, இடம், நாள், கண்டவர் பெயர். கண்டவர் பெயர்! அந்த நிரலைப் பார்த்ததும் நித்திரை போய்விட்டது.

மறுநாளே தொலைபேசி எடுத்தேன். சங்கத்தின் செயலாளர் ஒரு பல் வைத்தியர். பின்னால் பல் துளைக்கும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. பேச்சில் பாதி எனக்கு, பாதி கதிரையில் கிடந்த நோயாளிக்கு.

"காட்டு அன்னமா? வருடா வருடம் யாராவது எடுத்துச் சொல்லத்தான் செய்கிறார்கள், சிஞ்ஞோரீனா. பாதி வாத்து. மீதி கொக்கு. வாயை மூடாதீர்கள்."

"நான் ஒன்றும் சொல்லவில்லையே."

"உங்களுக்கில்லை. கண்டால் தொலைபேசி எடுங்கள். இன்னும் பெரிதாகத் திறவுங்கள்."

ஒக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை கண்டேன்.

அண்ணா மொண்டெல்லோவில் ஒரு ரெஸ்டோரண்டின் குசினியில் வேலை. அன்று அவனோடு முதல் பஸ்ஸில் போனேன். கோடைச் சனமெல்லாம் போய், கடற்கரை காலியாக இருந்தது. கடலில் மெல்லிய பனிப்புகார். புகாருக்குள்ளே, கரையிலிருந்து நல்ல தூரத்தில், வெள்ளை வெளேரென்று ஒன்று. வளைந்த கழுத்து. ஓபெராக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன். செம்மஞ்சள் அலகு! குமிழ்மூக்கன்! காட்டு அன்னம் இல்லைதான், ஆனாலும் அன்னம் அன்னம்தானே. ஓடிப்போய் டெலிபோன் கார்ட்டைச் செருகி, பல் வைத்தியரை வீட்டில் எழுப்பினேன்.

"கழுத்து?" என்று கேட்டார், கொட்டாவியோடு.

"நல்லாக வளைந்திருக்கிறது."

"அலகு?"

"செம்மஞ்சள். அடியில் கறுப்பு."

அவருடைய குரலில் நித்திரை கலைந்தது. "நீந்துகிறதா?"

"மெல்ல. அலையோடு."

"தலையைத் தண்ணீருக்குள் விடுகிறதா? செட்டையை அடிக்கிறதா?"

"இல்லை. மிகவும் அமைதியான பறவை."

"சிஞ்ஞோரீனா, அதன் விலாப் பக்கத்தில் ஏதாவது இலக்கம் எழுதியிருக்கிறதா?"

வயர் எட்டுமட்டும் இழுத்துக்கொண்டு கண்ணாடியை மறுபடி வைத்தேன். புகார் விலகியிருந்தது. "ஏழு," என்றேன்.

காலால் மிதித்து ஓட்டுகிற வாடகைப் படகு. அன்ன வடிவத்தில் செய்தது. பருவம் முடிந்து கட்டிப்போட்டிருந்த கயிறு அறுந்து, தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அதை இழுத்துவர இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர்களில் அண்ணாவும் ஒருவன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், "தங்கச்சி கண்ட அன்னத்தை நான்தான் கயிறு போட்டுப் பிடிச்சனான்" என்று சொன்னான். ஒரு வீடு விடவில்லை.

சங்கத்திலும் அப்படித்தான். வியாழன் பின்னேரங்களில் எனக்கு ஓய்வு. அவர்களும் வியாழன் ஐந்தரைக்கே கூடுவார்கள். நான் முதன்முதல் உள்ளே போனபோது அங்கிருந்த ஏழு பேரும் எழுந்து கைகொடுத்தார்கள். "ஓ, ஏழாம் இலக்கம்!" என்றார் ஒரு அம்மா, மிகவும் அன்பாக. பல் வைத்தியர் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததுதான் கூட நொந்தது.

"பட்டியல் நவம்பர் கடைசியில் அச்சுக்குப் போகும்," என்றார். "அபூர்வமான பறவை என்றால் ஆதாரம் வேண்டும். இனிமேல் வாயால் சொல்வதை நான் எழுத மாட்டேன்."

நவம்பர் இரண்டாம் தேதி சகல ஆத்துமாக்களின் திருநாள். சிஞ்ஞோரா தங்கையோடு கல்லறைக்குப் போனதால் எனக்கு முழுநாள் விடுமுறை. நகரத்துக்கு மேலே, மலைகளுக்கு நடுவில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. பஸ் வளைந்து வளைந்து ஏறும். இறங்கினால் பாதை முழுக்கச் சேறு. கரைக்குப் போகும்வரை நிலத்தைப் பார்த்தபடியே நடந்தேன். நிமிர்ந்தபோது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு நாமக்கோழிகளின் கூட்டத்துக்கு நடுவில் அது நின்றது.

இலக்கம் எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை.

தலையைத் தண்ணீருக்குள் விட்டது. செட்டையை அடித்தது. கழுத்து வளையவில்லை, தடி மாதிரி நேராக நின்றது. அதாவது, குமிழ்மூக்கன் இல்லை! மஞ்சள் மூக்குக்காரரில் ஒருவர். ஆனால் எவர்? அது எட்டாத தூரத்தில் நின்றது, சூரியன் அதற்குப் பின்னால் நின்றது. தோடு தெரியும் கண்ணாடியில் அலகு வெறும் நிழல். மூன்று மணித்தியாலம் காத்திருந்தேன். ஒருமுறை வாய் திறந்து கத்தியது, தடித்த குரலில், இரண்டு தரம். பிறகு நாமக்கோழிகளோடு நாணலுக்குள் போய்விட்டது.

ஆதாரம் வேண்டும். பலேர்மோவில் எங்கள் ஆட்களிடையே ஆதாரம் என்றால் ஒருவரைத்தான் தெரியும். பகலில் ஒரு அடுக்குமாடியின் வாசல் காவல். மற்ற நேரமெல்லாம் எங்கள் சனத்தின் கலியாணம், ஞானஸ்நானம், பெண் பெரியவளானால் செய்கிற சாமத்தியவீடு அத்தனையையும் பிடிக்கிறவர். எல்லோருக்கும் அவர் வீடியோ அண்ணைதான். அவர் வந்து லைட்டைப் போடாமல் இங்கே ஒருவரும் தாலி கட்டியதில்லை.

"அண்ணை, ஒரு வீடியோ எடுக்கவேணும்."

"ஆருக்குக் கலியாணம்? உன்ரை அண்ணைக்கோ?"

"இல்லை அண்ணை. ஒரு பறவையை."

அவர் ஆச்சரியப்படவில்லை. நாட்குறிப்பை எடுத்தார். "மாப்பிள்ளை ஆர்?"

"மாப்பிள்ளை இல்லை. தனிய நிக்குது."

"அப்ப சாமத்தியவீடு மாதிரி. சரி, வாறன்."

அடுத்த வியாழக்கிழமை மூவரும் போனோம். குளிருக்கு ரெஸ்டோரண்டை மூடிவிட்டதால் அண்ணாவும் வந்தான், கமெராவின் முக்காலியைச் சுமப்பதற்கு. வீடியோ அண்ணை கோட்டும் டையும். சேற்றில் பளபளக்கும் சப்பாத்து.

அன்னம் நின்றது. அன்றைக்கு இன்னும் கிட்ட நின்றது. வீடியோ அண்ணை முக்காலியை ஊன்றி, ஒரு கண்ணை மூடி, கையால் காற்றில் சைகை காட்டினார்.

"தங்கச்சி, முகத்தைக் கொஞ்சம் இஞ்சாலை திருப்பச் சொல்லு. வெளிச்சம் அந்தப் பக்கத்தாலை வருது."

"அண்ணை, அது சொன்னாக் கேக்காது."

"பொம்பிளையள் எல்லாம் முதல்லை அப்பிடித்தான். பொறு."

பொறுத்தோம். திரும்பியது! அவர் ஸூம் பண்ணிக்கொண்டே போனார். நான் அவரைத் தள்ளாத குறையாகக் கமெராவின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கட்டைவிரல் நகத்தின் அளவில் ஒரு திரை. திரையில் என் அன்னம், கழுத்து மட்டும், அலகு மட்டும். ஆனால் எல்லாமே கறுப்பு வெள்ளை.

"அண்ணை, நிறம் எங்கை?"

"நிறம் டேப்பிலை இருக்குப் பிள்ளை. உதுக்குள்ளை பாத்தா எனக்குக் கூறைச் சீலையே கறுப்புத்தான்."

சாம்பலுக்குள்ளே எது மஞ்சள், எதுவரை மஞ்சள் என்று அந்த நகத்தளவுத் திரையில் பிடிபடவில்லை. அவர் என் தலையை ஒதுக்கிவிட்டு மறுபடி கண்ணை வைத்தார். அந்த நேரம் பார்த்து அன்னம் இரண்டு தரம் கத்தியது. "பஸ் வந்திட்டுது!" என்று அண்ணா கமெராப் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். ரோட்டில் பஸ் இல்லை. அந்தக் குரல் அப்படிப்பட்டது.

"எல்லாம் வந்திட்டுது," என்றார் வீடியோ அண்ணை. "முகம், சத்தம், ஓடுறது, எல்லாம். வாற வியாழன் கையிலை தாறன்."

"அண்ணை, அப்பிடியே தாங்கோ. ஒண்டும் செய்ய வேண்டாம்."

"அப்பிடியே தாறதோ?" என்று என்னைப் பார்த்தார், சமைக்காத இறைச்சியைப் பரிமாறச் சொன்ன மாதிரி. "என்ரை பேர் என்ன ஆகிறது?"

அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. என் தலைக்குள் முழுக்க என்னுடைய பேர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழன் ஐந்தரைக்குச் சங்கத்து வாசலில் வைத்துத்தான் கசெட்டைத் தந்தார். போட்டுப் பார்க்க நேரமில்லை. அவரும் உள்ளே வந்து, பின் வரிசையில், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார். பல் வைத்தியர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். நான் கசெட்டை டீவிக்குக் கீழேயிருந்த டெக்குக்குள் தள்ளினேன்.

முதலில் ஒரு சிவப்பு ரோசாப்பூ விரிந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு மெழுகுதிரி. மெழுகுதிரிக்கு நடுவில், தங்க எழுத்தில், தமிழில், 'நல்வரவு'. பிறகு ஒரு சினிமாப் பாட்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற பாட்டு, வயலின் எல்லாம் சேர்ந்து. ரோசாவின் இதழ் ஒவ்வொன்றாக உதிர, கடைசி இதழுக்குப் பின்னாலிருந்து என் அன்னம் நீந்தி வந்தது.

"ஒன்று," என்று எழுதினார் பல் வைத்தியர்.

திரை நடுவால் பிளந்தது. வலப் பக்கத்திலிருந்தும் அன்னம், இடப் பக்கத்திலிருந்தும் அன்னம், கண்ணாடி பார்ப்பதுபோல. இரண்டும் கிட்ட வந்து அலகோடு அலகு முட்டின.

"இரண்டு?" என்றார்.

பிறகு அவை நான்காகி ஒரு வட்டத்தில் சுற்றின. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்னம் முதலில் ரோஸ் நிறமானது, பிறகு நீலம், பிறகு முழுக்க மஞ்சள்: தண்ணீர் மஞ்சள், மலை மஞ்சள், நாமக்கோழியும் மஞ்சள். அடுத்து முகம் கிட்ட வந்தது. நான் கதிரை நுனிக்கு வந்தேன். அதே அலகு, அதே கோணம். சரியாக அலகின் மேல், அடியிலிருந்து நுனிவரை, ஒரு தங்க நட்சத்திரம் மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்னம் தலையைத் திருப்பினால் நட்சத்திரமும் கூடவே திரும்பியது. வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது. வாயிலிருந்து வந்தது பெண் குரலில் சரணம். முடிவில் எல்லாம் ஒரு இதயத்துக்குள் சுருங்கி, 'நன்றி, மீண்டும் வருக'.

யாரோ கைதட்டினார்கள். என்னை ஏழாம் இலக்கம் என்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் போடலாமா என்றார்.

நான் பின்னால் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, தமிழில் கேட்டேன். "அண்ணை, முதல் எடுத்த டேப் எங்கை?"

"அதுக்கு மேலைதான் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஞானஸ்நானம் எடுத்தனான்," என்றார், கைதட்டியவர்களுக்குத் தலை சாய்த்தபடி.

பல் வைத்தியர் நல்ல மனிதர். அவருக்கும் வருத்தமாக இருந்தது தெரிந்தது. "அன்னம் என்பதில் சந்தேகமில்லை," என்றார். "உயிருள்ள அன்னம். எந்த இனம் என்று எப்படி எழுதுவேன்? அலகு தெரியவில்லையே." நோட்டில் எழுதியதை எனக்குக் காட்டினார்: அன்னம், இனம் தெரியாது, ஒன்று. அதற்குப் பக்கத்தில் கண்டவர் பெயர் நிரல் வெறுமையாக இருந்தது. இனம் தெரியாததற்குப் பெயர் போடுவதில்லையாம். அது சங்கத்தின் வழக்கம்.

நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கண்ணைத் துடைத்த அம்மா வீடியோ அண்ணையைப் பிடித்து வைத்திருந்தார். வருகிற மே மாதம் தங்கை மகளுக்குக் கலியாணமாம். அண்ணையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, கவனமாக ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் அந்த மண்டபத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர் அது ஒன்றுதான்.

போர்கோ வெக்கியோவுக்கு வரும் வழி முழுக்க நான் முன்னால் விறுவிறென்று நடந்தேன். வீடியோ அண்ணை இரண்டடி பின்னால் வந்தார். மீன் கடைக்குக் கிட்ட வந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"பிள்ளை, பாட்டுச் சரியில்லையோ?"

"பாட்டில்லை அண்ணை. மூக்கிலை ஏன் நட்சத்திரம் வைச்சனீங்கள்? எனக்குத் தேவைப்பட்டது முழுக்க அந்த மூக்குத்தான்!"

"அதோ?" அவர் நின்றுவிட்டார். "எனக்கு அது வடிவாத் தெரியேல்லை. பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறம். பொம்பிளையின்ரை முகத்திலை ஒரு மறு கிறு இருந்தா மறைச்சுத்தானே குடுக்கிறது. அதான் மறைச்சனான்."

கறுப்பு வெள்ளைத் திரையில் நான் பார்த்ததை, மிக்ஸிங் செய்த மூன்று இரவும் பெரிய டீவியில் நிறத்தோடு பார்த்தவர் இவர். இந்தச் சிசிலியில் அந்த அலகைச் சரியாகப் பார்த்த ஒரே மனிதர் எனக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நடந்து வந்திருக்கிறார்!

"அண்ணை, நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நீங்களாச் சொல்லுங்கோ. அடியிலை என்ன நிறம்?"

"மஞ்சள். நல்ல மஞ்சள்."

"எதுமட்டும்?"

மீன்காரனிடம் ஒரு தாள் வாங்கி, வாசற்படியில் வைத்து, அவர் கீறினார். முகங்களைப் பார்த்தே பிழைக்கிறவர். அவருடைய கைக்கு மறதி இல்லை. நெற்றி, கண், அலகு. அடியிலிருந்து மஞ்சளை இழுத்தார். மூக்குத் துவாரத்துக்கு ஒரு புள்ளி வைத்தார். கோடு அந்தப் புள்ளியில் நிற்கவில்லை. அதைத் தாண்டி, கூராக, ஆப்பு மாதிரி, முன்னுக்குப் போய் முடிந்தது.

பெருமஞ்சள். காட்டு அன்னம். நான் அந்த இடத்தில் துள்ளியதில் மீன்காரனின் தராசு விழுந்தது.

இன்று வெள்ளிக்கிழமை காலை சிஞ்ஞோராவின் தொலைபேசியில் பல் வைத்தியரை எடுத்தேன். மெஷின் இரைந்தது. தாளில் இருப்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தினார்.

"படத்தைக் கீறியவர் அனுபவமுள்ளவரா? இதுவரை எத்தனை அன்னம் பார்த்திருக்கிறார்?"

"ஒன்று," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

பெருமூச்சு. "கதிரையில் ஆள் இருக்கிறார், சுருக்கமாகச் சொல்லுகிறேன். நான் நம்புகிறேன். நான் நம்புவது போதாது, குழு நம்ப வேண்டும். படம் சரிவராவிட்டால் குரலைக் கொண்டுவாருங்கள். இந்த மூன்றுக்கும் குரல் வேறு வேறு. எங்களிடம் மாதிரி இருக்கிறது, பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தீரும். இனம் தெரிந்தால் பெயர் தானாக வரும். பாட்டு இல்லாமல், சிஞ்ஞோரீனா."

அதனால் நாளை மறுநாள், ஞாயிறு, பூசைக்குப் போகாமல் முதல் பஸ். மலைக்கு ஓடுகிற பஸ் சாரதியை இன்றைக்கே ஸ்டேஷனில் விசாரித்துவிட்டேன். அந்தப் பெரிய வெள்ளை வாத்து இன்னும் நிற்கிறதாம். ஊருக்கு நாங்கள் கடிதத்துக்குப் பதிலாகக் குரல் பதிந்து அனுப்புகிற கசெட் ரெக்கோர்டர் இருக்கிறது. புது பற்றரி போட்டிருக்கிறேன். வீடியோ அண்ணை பிராயச்சித்தமாகக் கலியாண மைக்கையும் அதன் நீள வயரையும் தருகிறார். அண்ணா அதைத் தூண்டில் தடியின் நுனியில் கட்டி, நாணலுக்கு மேலாக நீட்டுவான். இன்று பின்னேரம் முழுக்க சந்தைப் புறாக்களிடம் அவன் அதைப் பழகினான். கீழே உருளைக்கிழங்கு விற்கிறவர், என்ன பிடிக்கிறாய் என்று கேட்டதற்கு, "சத்தம்" என்றானாம்.

கமெரா வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அன்னம் வாயைத் திறக்கும்வரை எங்கள் மூன்று பேரில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அடுத்த சட்டம். வீடியோ அண்ணையால் எத்தனை நிமிடம் பேசாமல் இருக்க முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. நாளைக்குப் பின்னேரம் குசினியில் உட்கார வைத்து, மணிக்கூட்டைப் பிடித்துப் பார்க்கப் போகிறேன்.